இயங்க மறுக்கும் பழைய காரும் எஞ்சினின் அமுக்கமும்

பழைய மோட்டார்க் கார் ஒன்று காலையில் இயங்க மறுத்தால், அதன் சொந்தக்காரர் முதலிற் பற்றறியைக் குறைகூறுவார். அடுத்துப் பிளக்கைக் கழற்றித் துடைப்பார். பின்னர்க் காபரேற்றரைத் திறப்பார். இம்மூன்றிலும் பழுது தென்படாதபோது, “எஞ்சின் முடிந்துவிட்டது” என்று அயலார் ஒருவர் தீர்ப்புக் கூறிவிடுவார். அத்தீர்ப்பை நம்பி எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, புதிய பிஸ்ரன் போட்டவர்கள் பலர். அவர்களுட் சிலருக்கு அச்செலவு அவசியமாயிருந்தது. வேறு சிலருக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெயும் ஒரு மணி நேரமுமே போதுமாயிருந்தன. எந்த வண்டிக்கு எது வேண்டும் என்பதைப் பிரித்தறியும் வழியை இங்கே விளக்குவோம்.

விவசாயப் பிரசுரத்தில் மோட்டார்க் காருக்கு என்ன அலுவல் என்று வாசகர் கேட்கலாம். கிணற்றடியில் நிற்கும் மண்ணெண்ணெய்ப் பம்பும், வீட்டு முற்றத்தில் நிற்கும் மொறிஸ் மைனரும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை. ஒன்றைச் சோதிக்கத் தெரிந்தவர் மற்றதையும் சோதிப்பார். அன்றியும், நயினாதீவு போன்ற இடத்தில் இவ்வறிவு பிறவிடங்களிலும் பார்க்க அதிகம் வேண்டப்படுகிறது. இத்தீவுக்குப் பாலம் இல்லை. யாழ்ப்பாணத்து மெக்கானிக் ஒருவர் வருவதாயின் பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாக முப்பது கிலோமீற்றருக்கு மேல் வந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறவேண்டும். எஞ்சினைக் கழற்றி அனுப்புவதாயின் அதனையும் அவ்வழியே படகில் ஏற்றி இறக்கவேண்டும். ஆகவே, நோயை வீட்டிலேயே அறிந்துகொண்டு வைத்தியரை அழைப்பது இங்குள்ளோருக்குப் பெரும் பணமிச்சம்.

அமுக்கம் என்பது யாது?

பெற்றோல் எஞ்சின் இயங்குவதற்கு மூன்று வேண்டும்: தகுந்த அளவில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவை, தகுந்த நேரத்தில் தீப்பொறி, அக்கலவையை நெருக்கும் அமுக்கம். வேலைத்தலத்தார் இம்மூன்றாவதைக் “கொம்பிறசன்” என்பர். பிஸ்ரன் மேலெழும்போது சிலிண்டரிலுள்ள கலவை ஏழில் ஒரு பங்கோ எட்டில் ஒரு பங்கோ ஆகச் சுருங்குகிறது. அவ்வாறு சுருங்கும்போது அது சூடேறுகிறது. சூட்டினால் எரிபொருட் துளிகள் ஆவியாகின்றன. ஆவியான கலவையே தீப்பொறி பட்டவுடன் பற்றும். கலவை வழியிற் கசிந்து போய்விட்டால், தீப்பொறி எவ்வளவு பலமாயிருந்தும் பயனில்லை. ஈர விறகின்மேல் தீக்குச்சி உரசுவது போன்றதே அது.

நம் நாட்டில் மிகுதியாகப் பழகிய மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். 1948இல் அது வெளிவந்தபோது அதன் எஞ்சின் 918 கன சென்ரிமீற்றர் கொண்டது. வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் அமைந்தவை. 1952 முதல் 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின் வந்தது. வால்வுகள் மேலே சென்றன. 1956இல் 948, 1962இல் 1098 என அதே குடும்பத்து எஞ்சின் பருத்தது. 803இன் அமுக்க விகிதம் 7.2க்கு 1. 948இல் வழக்கமானது 8.3க்கு 1, குறைந்த அமுக்கத்துடனும் சில செய்யப்பட்டன. தமது வண்டியில் எது இருக்கிறது என்பதைச் சொந்தக்காரர் அறிந்திருத்தல் வேண்டும். பக்க வால்வு எஞ்சினில் வரும் இலக்கத்தை மேல்வால்வு எஞ்சினின் இலக்கத்தோடு ஒப்பிட்டு அஞ்சுதல் வீண்.

மண்ணெண்ணெய்க் காலத்தின் எச்சம்

யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பழைய கார்களைப் பற்றிப் பேசும்போது 1990இன் பின் வந்த பொருளாதாரத் தடைக் காலத்தைத் தவிர்க்கமுடியாது. பெற்றோல் கிடையாத அக்காலத்தில் ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலை ஊற்றி எஞ்சினை இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். புதுமாதிரி வண்டிகள் மூலையிற் கிடக்க, முப்பது நாற்பது வயதுக் கிழட்டு வண்டிகள் நோயாளியையும் மணமக்களையும் ஏற்றிச் சென்றமைக்குக் காரணம் அவற்றின் குறைந்த அமுக்க விகிதமே. மண்ணெண்ணெய் அதிக அமுக்கத்தைத் தாங்காது, தட்டும். இங்கிலாந்தில் 1949 முதல் வந்த ரீ.ஈ.டி. 20 என்னும் பெர்கசன் உழவு இயந்திரமும் இதே முறையில், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த எண்ணெயில் ஓடும்படி, குறைந்த அமுக்கத்துடன் செய்யப்பட்டதேயாகும். நம்மவர் தேவையினாற் கண்டதை அங்கே தொழிற்சாலையில் திட்டமிட்டுச் செய்தனர்.

ஆயின், அவ்வோட்டத்துக்கு ஒரு விலை இருந்தது. முற்றாக ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே வடிந்து, அங்குள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, கீழேயுள்ள எஞ்சின் ஒயிலுடன் கலந்துவிடும். ஒயில் நீர்த்துப்போனால் பிஸ்ரன் றிங்குகளும் சிலிண்டர்ச் சுவரும் தேயும். 2002இல் ஏ9 வீதி திறந்து பெற்றோல் தாராளமாய் வந்தபின்னரும் அத்தேய்வு எஞ்சினுக்குள்ளேயே இருந்தது. ஆகையால், அக்காலத்தை ஓடிக் கழித்த வண்டியொன்றை வாங்க நினைப்பவர், வர்ணத்தைப் பார்க்குமுன் அமுக்கத்தைச் சோதித்தல் வேண்டும். ஒயில் அளவுகோலை இழுத்து முகர்ந்து பார்ப்பதும் நன்று. ஊற்றாமலே ஒயில் மட்டம் உயர்ந்திருந்தால் மகிழவேண்டியதில்லை. எரிபொருள் அதனுட் கலந்திருக்கிறது என்பதே பொருள்.

காதும் கையும்

மானி எடுக்குமுன் காதைப் பயன்படுத்துங்கள். நல்ல நாலு சிலிண்டர் எஞ்சினை ஸ்ராட்டர் சுழற்றும்போது, ஒரே அளவான இடைவெளியில் முக்கி முக்கிச் சுழலும் ஓசை கேட்கும். நாலில் ஒன்று குன்றியிருப்பின் அவ்வோசையில் ஒரு தாளம் தப்பும். நான்கும் குன்றியிருப்பின் முக்கலே இன்றி, தையல் யந்திரம் போல விர்ரென்று சுழலும். மெதுவாகவும் தளர்வாகவும் சுழன்றால் முதலிற் பற்றறியையும் அதன் முனைகளையும் பாருங்கள். கடற்காற்றில் இம்முனைகள் பூத்துப்போவது இத்தீவில் அன்றாட நிகழ்ச்சி.

பழைய வண்டியில் இன்னுமொரு வசதி உண்டு. அதுதான் முன்னாற் செருகிச் சுழற்றும் கைபிடி. கியரை நடுநிலையில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சாவியை மூடிவிட்டு அதனைச் செருகுங்கள். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்து, கீழிருந்து மேலாக இழுங்கள். பெருவிரலாற் சுற்றிப் பிடித்தவர்கள் எஞ்சின் எதிரடித்தபோது விரலையோ மணிக்கட்டையோ முறித்துக்கொண்டதுண்டு. அரைச் சுற்றுக்கு ஒரு முறையாக, இரண்டு முழுச் சுற்றில் நான்கு தடைகள் கைக்குப் படவேண்டும். ஒவ்வொரு தடையும் வில்லை அழுத்துவது போல எதிர்த்துத் தள்ளவேண்டும்; சிறிது நேரம் பிடித்திருந்தால் மெல்ல மெல்லவே தளரவேண்டும்.

நான்கில் ஒன்று மட்டும் தளர்வாயிருந்தால் ஒரு சிலிண்டரிற் குறை. இரண்டு தளர்வாயிருந்தால் அவை அடுத்தடுத்து வருகின்றனவா, ஒன்றுவிட்டு ஒன்றாக வருகின்றனவா என்று கவனியுங்கள். மொறிஸ் எஞ்சின் பற்றும் ஒழுங்கு 1, 3, 4, 2 ஆகும். முதலாம் இரண்டாம் சிலிண்டர்கள், அல்லது மூன்றாம் நாலாம் சிலிண்டர்கள், அடுத்தடுத்த தடைகளாகவே வரும். நடுவிலுள்ள இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்கள் குன்றினாலோ, ஒரு தடை நன்றாகவும் மறு தடை தளர்வாகவும் மாறிமாறி வரும். இந்த நடு இரண்டுக்கும் புகை வெளியேறும் வழி பொதுவானது. வெப்பம் அங்கே மிகும். ஆகையால் இவற்றுக்கு இடையே கஸ்கெற் எரிந்துபோவது இவ்வகை எஞ்சினில் நாம் அடிக்கடி காணும் பழுது. டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, தளர்ந்த தடையின்போது அதனுள் இருக்கும் சுழலி எந்தக் கம்பியை நோக்குகிறது என்று பார்த்தால் சிலிண்டரின் இலக்கமும் தெரிந்துவிடும்.

பிளக் துவாரத்தைப் பெருவிரலால் அடைத்துப் பார்க்கும் வழக்கம் ஒன்றுண்டு. இதனை நாம் அவ்வளவாக நம்புவதில்லை. அமுக்கம் அறவே இல்லாத சிலிண்டரை அது காட்டும். ஆனால் 60 இறாத்தல் அமுக்கமும் விரலைத் தள்ளும், 120உம் தள்ளும்.

மானி கொண்டு அளத்தல்

அமுக்கமானி இப்போது பெரும் விலையில்லை. ஓர் ஊருக்கு ஒன்று, ஒரு சங்கத்துக்கு ஒன்று என்று வாங்கி வைத்தாலும் போதும். அளக்கும்போது சில விதிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள். கொயிலின் நடுக் கம்பியை எடுத்து எஞ்சினின் உலோகத்தோடு இணைத்துவிடுங்கள். துவாரங்களிலிருந்து வெளிவரும் எரிபொருள் ஆவி தீப்பிடிக்காதிருக்க இது அவசியம். அருகிற் புகைபிடித்தலாகாது. காற்று வாயில் முற்றாகத் திறந்திருக்க, அக்ஸிலறேற்றரை ஒருவர் இறுதிவரை மிதித்திருக்கவேண்டும். இதனை மறந்தவருக்கு நான்கு சிலிண்டர்களும் குன்றியதாகவே காட்டும்! பற்றறி நிறைந்திருக்கவேண்டும். ஒவ்வொரு சிலிண்டரையும் ஐந்தாறு அமுக்கம் வரை, முள் மேலே ஏறாது நிற்கும்வரை சுழற்றி, இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

மேல்வால்வு எஞ்சினிற் சதுர அங்குலத்துக்கு 120 இறாத்தல் முதல் 150 வரை வருமாயின் நன்று. விகிதம் குறைந்த எஞ்சினில் இதற்குக் கீழேயும் வரலாம். தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் குளிர்ந்த நிலையில் இயக்குதல் கடினம். அறுபதில் அச்சிலிண்டர் பற்றும் என்று எதிர்பார்த்தலாகாது. ஆனால், இலக்கத்தின் உயரத்திலும் பார்க்க அவற்றின் ஒற்றுமையே பெரிது. நான்கும் 95 என்றிருக்கும் கிழட்டு எஞ்சின், பொயின்ற் இடைவெளியும் பற்றறியும் சரியாயிருந்தால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். மூன்று 140 ஆகவும் ஒன்று 60 ஆகவும் இருக்கும் எஞ்சினை உடனே கவனிக்கவேண்டும். பத்து வீதத்துக்கு மேற்பட்ட வேற்றுமை எதற்கும் காரணம் தேடுங்கள்.

முள் ஏறும் விதத்தையும் நோக்குதல் வேண்டும். முதல் அமுக்கத்திற் கொஞ்சமாக எழுந்து, பின் ஒவ்வொன்றாகப் படியேறினால் றிங்குகளில் ஐயம் கொள்ளலாம். முதலிலேயே தாழ்ந்து நின்று, எவ்வளவு சுழற்றியும் ஏறாதிருந்தால் வால்வில் ஐயம்.

ஒரு தேக்கரண்டி எண்ணெய்

இனி வருவதே இச்சோதனையின் உயிர். குன்றிய சிலிண்டரின் பிளக் துவாரத்தினூடாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயிலை ஊற்றி, சில முறை சுழற்றிவிட்டு, மீண்டும் அளக்கவேண்டும். ஒயில் பிஸ்ரனைச் சுற்றிப் படிந்து, றிங்குகளின் இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கும். இலக்கம் நன்றாக உயர்ந்தால் கசிவு றிங்குகளின் வழியாகவே என்று அறியலாம். உயராவிட்டால் வால்விலோ கஸ்கெற்றிலோ கசிவு. அதிகம் ஊற்றினால் இடம் குறைந்து பொய்யான உயர்வு காட்டும். அளவுக்கு மிஞ்சினால் பிஸ்ரன் ஒயிலில் முட்டி எஞ்சினே வளையும். பக்க வால்வு எஞ்சினில் ஒயில் பிஸ்ரன்மேற் சீராகப் பரவாமையால் முடிவை அவ்வளவு உறுதியாகக் கொள்ளமுடியாது.

இத்தீவிலுள்ள கமக்காரர் ஒருவரின் மைனர் 1000 வண்டியில் நாம் கண்ட இலக்கங்கள் இவை: முதலாவது 125, இரண்டாவது 55, மூன்றாவது 50, நாலாவது 120. எஞ்சினைக் கரைக்கு அனுப்பிச் சிலிண்டர் கடையவேண்டும் என்று அவருக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. வெங்காயம் விற்ற பணத்தை அதற்கென்று ஒதுக்கியும் விட்டார். எண்ணெய் ஊற்றி அளந்தபோது முதலாவதும் நாலாவதும் பத்துப் பத்து இறாத்தல் ஏறின. நடு இரண்டும் அசையவில்லை. பிஸ்ரன் தேய்ந்திருந்தால் அவையல்லவோ முதலில் ஏறியிருக்கவேண்டும்? இரண்டாவது சிலிண்டரிற் காற்றடித்தபோது மூன்றாவதன் பிளக் துவாரத்தால் அது வெளிவந்தது. தலைப்பாகத்தைத் திறந்தபோது, இரண்டு சிலிண்டர்களுக்கும் நடுவே கஸ்கெற் விரலகலத்துக்குக் கருகியிருந்தது. தலைப்பாகத்தின் அடிப்பக்கத்தில் நேர்விளிம்பு வைத்துப் பார்த்து, வளைவு இல்லையென உறுதி செய்து, புதிய கஸ்கெற் போடப்பட்டது. நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாக, 40 அடி-இறாத்தல் வரை இறுக்கினோம். ஒரு கஸ்கெற்றின் விலையும் ஒரு பகல் வேலையுமே செலவாயின. வெங்காயப் பணம் அடுத்த போகத்து விதைக்காயிற்று.

கஸ்கெற் ஏன் கருகியது என்பதையும் சொல்லவேண்டும். றேடியேற்றருக்கு உவர்க் கிணற்று நீரையே ஆண்டுக்கணக்காக ஊற்றி வந்திருந்தனர். உப்பும் சுண்ணமும் நீர்வழிகளில் அடைந்து, உலோகத்தை அரித்து, எஞ்சினை மிதமிஞ்சிச் சூடேறச் செய்யும். கூரையிலிருந்து பிடித்த மழைநீர் குடிக்க நல்லதாயின் எஞ்சினுக்கும் நல்லதே. ஒரு பெரிய போத்தலில் அதற்கெனச் சேமித்து வையுங்கள்.

காற்றடித்துக் கேட்டல்

மேலே சொன்ன காற்றுச் சோதனையை எவரும் செய்யலாம். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து நீக்கி, அதன் ஓட்டில் ரயர் வால்வு ஒன்றை ஒட்டிவித்துக்கொள்ளுங்கள். சோதிக்கும் சிலிண்டரின் பிஸ்ரன் அமுக்கத்தின் உச்சியில் நிற்க, வண்டியை மேல் கியரில் போட்டு, பிரேக்கை இறுக்கிவிட்டுக் காற்றடியுங்கள். காபரேற்றரிற் சீறல் கேட்டால் உள்வாங்கும் வால்வு. சைலன்சர் வாயிற் கேட்டால் வெளியேற்றும் வால்வு. ஒயில் ஊற்றும் வாயிற் கேட்டால் றிங். றேடியேற்றரிற் குமிழி எழுந்தால் கஸ்கெற் அல்லது வெடிப்பு. றிங்கின் வழியே சிறிது கசிவது எந்த எஞ்சினிலும் உண்டு. அதனைக் கண்டு கலங்கவேண்டாம்.

பிரிக்குமுன் செய்யவேண்டியவை

வால்வு குற்றவாளி என்று கண்டவுடன் தலைப்பாகத்தைத் திறக்கவேண்டாம். மேல்மூடியை மட்டும் எடுத்து, எஞ்சினைக் கையாற் சுழற்றி, எட்டு வால்வுகளும் ஒரே உயரத்துக்கு மீள்கின்றனவா என்று பாருங்கள். நீண்டநாள் நின்ற வண்டியில் ஏதாவதொரு வால்வு திறந்தபடியே இருந்திருக்கும். உப்புக் காற்றில் அதன் தண்டு பற்றிக்கொள்வது இயல்பு. அதன்மேல் மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து விட்டு, ஓரிரவு ஊறவைத்து, மரச் சுத்தியால் மெல்லத் தட்டினால் விடுபடும்.

அடுத்து வால்வு இடைவெளி. மைனர் 1000இல், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் 0.012 அங்குலம் இருக்கவேண்டும். இடைவெளி அற்றுப்போனால் வால்வு முற்றாக மூடாது, அமுக்கமும் இராது. சரிபார்க்க எளிய கணக்கு ஒன்றுண்டு: முற்றாகத் திறந்து நிற்கும் வால்வின் இலக்கத்தை ஒன்பதிலிருந்து கழியுங்கள், வரும் இலக்கத்து வால்வைச் சரிசெய்யுங்கள். முதலாவது திறந்திருந்தால் எட்டாவது. மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவது. இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. மக்களின் உடல்நலத்துக்கு அது மிக நல்லதே. ஆயினும் அவ்வீயம் பழைய எஞ்சினின் வால்வு இருக்கைகளைக் காத்து வந்தது. கடின உலோக வளையம் பதிக்காத தலைப்பாகத்தில் வெளியேற்றும் வால்வு சிறிது சிறிதாக இருக்கையினுட் புதைந்து, இடைவெளி குறைந்துகொண்டே போகும். இவ்வகை வண்டிக்காரர் முன்னையிலும் அடிக்கடி இடைவெளியை அளத்தல் வேண்டும்.

றிங்கே காரணம் என்று தெரிந்தாலும், தேய்வா அன்றி வேறெதுவுமா என்பதை ஆராயவேண்டும். நயினாதீவின் பரப்பு ஏறத்தாழ நான்கு சதுரக் கிலோமீற்றர். வண்டி சூடேறுமுன் பயணம் முடிந்துவிடும். சோக்கை இழுத்தபடியே ஓடும் எஞ்சினிற் பெற்றோல் சிலிண்டர்ச் சுவரின் ஒயிலைக் கழுவிவிடுகிறது. மறுநாள் இயங்க மறுக்க, சொந்தக்காரர் மீண்டும் மீண்டும் சோக்கை இழுத்துச் சுழற்றுவார், மேலும் கழுவப்படும். நல்ல எஞ்சினும் இந்நிலையில் அமுக்கம் இழந்ததாகவே காட்டும். பிளக்குகளைக் கழற்றி உலர்த்துங்கள். அக்ஸிலறேற்றரை முற்றாக மிதித்துச் சுழற்றி, தேங்கிய பெற்றோலை வெளியேற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, பிளக் இல்லாமலே சில முறை சுழற்றியபின், பிளக்குகளைப் பூட்டிச் சோக் இல்லாமல் இயக்குங்கள். சில நிமிடம் நீலப்புகை வரும், பின்னர் நின்றுவிடும்.

மாதக்கணக்காக நின்ற வண்டியில் றிங்குகள் தம் பள்ளங்களிற் பசைபிடித்து ஒட்டியிருக்கலாம். மண்ணெண்ணெயும் ஒயிலும் சம அளவிற் கலந்து, சிலிண்டருக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் விட்டு, இரண்டு நாள் வைத்திருந்து, பிளக்குகள் இல்லாத நிலையிற் கையாற் சுழற்றுங்கள். எஞ்சின் இயங்கி நூறு மைல் ஓடியபின் அளந்ததே உண்மையான இலக்கம். அப்போதும் குன்றியிருந்து, புகையும் ஒயில் செலவும் மிகுந்திருந்தால், சிலிண்டர் கடைதலைப்பற்றி யோசிக்கலாம். இயங்கியவுடன் பழைய ஒயிலை மாற்ற மறவற்க.

நீரிறைக்கும் சிறு எஞ்சினுக்கும் இம்முறைகளே பொருந்தும். ஒரு வேறுபாடு மட்டும் கூறுவோம். கயிறிழுத்து இயக்கும் பம்புகள் பலவற்றில், இழுப்பு இலகுவாயிருக்கும் பொருட்டு, தொடக்கத்தில் வால்வைச் சற்றே திறந்துவைக்கும் பொறி உள்ளது. அவற்றில் மானி குறைவாகவே காட்டும். அதனைக் கொண்டு பம்பைப் பழுதென்று தள்ளிவிடலாகாது.

வாடைக் காலத்தில் வண்டியை நிறுத்திவைப்போர், நிறுத்துமுன் ஒவ்வொரு பிளக் துவாரத்திலும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, சைலன்சர் வாயை எண்ணெய்த் துணியால் அடைத்து, கிழமைக்கு ஒரு முறை கைபிடியால் இரண்டேகால் சுற்றுச் சுழற்றி வைக்கவேண்டும். கால் சுற்றை விட்டுவிடவேண்டாம். அஃதிருந்தாற்றான் எஞ்சின் ஒவ்வொரு கிழமையும் வேறொரு நிலையில் நிற்கும். ஒரே வால்வு திறந்தபடி இராது.